ஒரு பாட்டு நேரம்

பேரவைச் செயலாளர் வந்து, "மலருக்கு ஒரு கட்டுரை குடுடா, நாலு பக்கம் காலியா கெடக்கு" என்று கேட்டபோது நான் ஹாஸ்டல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எதைப் பற்றி என்று கேட்டேன். "எதையாவது எழுது. நேரத்தின் அருமை பத்தி எழுதேன்" என்றார். போன வருட மலரைப் புரட்டினேன். நேரத்தின் அருமை பற்றி அதில் ஏற்கெனவே இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. ஆகவே நண்பர்களே, நான் நேரத்தை வீணாக்கியது பற்றி எழுதுகிறேன். அந்தப் பாடத்தில் எனக்கு அனுபவமும் கூடுதல்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. ஊர், காவிரிக் கரையில் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தார் சுற்றுகிறார். அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் வகையறாவிலேயே நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு சீனியர் அண்ணன் என் செல்லில் ஒரு சண்டை ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தார். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேர் செல்லில் இந்த நிமிடமும் இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. ஒரு சுற்று முடியும், உடனே அடுத்தது கூப்பிடும். இன்றைக்கு வந்தால் ஒரு பரிசு, நாளைக்கும் வந்தால் இரண்டு, ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு. ஒரு நாள் சும்மா செல்லைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அந்த வாரம் அந்த ஆட்டத்தில் நான் இருந்த நேரத்தை அதுவே காட்டியது: 26 மணி நேரம். அப்பாவுக்கு ஷிப்டு ஒன்று 12 மணி நேரம். அதாவது அப்பாவுடைய இரண்டு ஷிப்டு, அதற்கு மேலும் இரண்டு மணி நேரம். அதைப் பார்த்தும் நான் திருந்திவிடவில்லை, இன்னொரு சுற்று ஆடினேன். மூன்றாம் செமஸ்டரில் மின்னணுச் சாதனங்கள் தாள் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் அரியர்.

வீட்டில் சொல்லவில்லை. போனில் அப்பா, "பரீட்சையெல்லாம் வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டார். "வந்துருச்சுங்கப்பா, நல்லா பண்ணியிருக்கேன்" என்றேன். ரிசல்ட்டை எந்த இணையதளத்தில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. படிக்கத் தெரியாத அப்பாவை ஏமாற்றுவதற்குப் பெரிய சாமர்த்தியமெல்லாம் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அறைத்தோழன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். சிங்கப்பூரில் இருக்கிற அவன் மாமா வைத்திருந்து கழித்துக் கட்டிய நின்டெண்டோ டி.எஸ். லைட். புத்தகம் மாதிரி மடங்கும், இரண்டு திரை, எழுதுவதற்கு ஒரு குச்சி. ஒரு பக்கத்துக் கீல் விரிசல் விட்டிருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆட்டம், 'ரிதம் ஹெவன்'. ஜப்பானில் 2008-ல் வந்தது, அமெரிக்காவில் 2009-ல். பாட்டுக்கு இசை அமைத்தவர் சுன்கு என்கிற ஜப்பானியப் பாடகர். இதற்கு முன்னால் 2006-ல் வந்த 'ரிதம் தெங்கோகு' ஜப்பானோடு நின்றுவிட்டது.

பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிப் புத்தகம் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். முதல் ஆட்டமே ஒரு தொழிற்சாலை! இரண்டு பக்கமிருந்தும் சதுரத் துண்டுகள் துள்ளித் துள்ளி வரும், ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு ஸ்வரம் ஏறும். அவை நடுவில் சேருகிற கணத்தில் குச்சியைச் சுண்ட வேண்டும். சரியாகச் சுண்டினால் கம்பி உள்ளே போய்ப் பொருந்தும். நம் ஒர்க்‌ஷாப் ஃபிட்டிங்கில் நான் ஒரு நாளும் கேட்காத 'டக்' சத்தம் வரும். அடுத்தது சேர்ந்திசைக் குழு. மூன்று பையன்கள் நிற்பார்கள், அதில் ஒருவன் நீங்கள். குச்சி திரையைத் தொட்டிருந்தால் வாயை மூடியிருப்பான், எடுத்தால் பாடுவான். தப்பான இடத்தில் பாடினால் மற்ற இரண்டு பேரும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், மெஸ் பில் கட்டாதவனை மேனேஜர் பார்க்கிற பார்வைதான். மூன்றாவதில் ரோபோக்களுக்கு எரிபொருள் நிரப்ப வேண்டும்.

ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதோடு பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. மார்க்கெல்லாம் கிடையாது, தீர்ப்பு மூன்றே வகை: மறுபடி முயற்சி செய், பரவாயில்லை, பிரமாதம். நான்கு ஆட்டம் ஆனதும் அந்த நான்கையும் கலந்து ஒரே பாட்டாக ஐந்தாவது வரும். நான்கு யூனிட் நடத்திவிட்டு மாடல் எக்ஸாம் வைப்பது மாதிரி.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை தோற்றால், அங்கே இருக்கிற காபிக் கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டு, வேண்டுமானால் இதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்பார். நம் தேர்வுத் துறைக்கும் இப்படி ஒரு காபிக் கடைக்காரர் கிடைக்கக் கூடாதா!

இந்தப் பெட்டியைப் பிடித்த பிறகுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

தேடிப் படித்தேன். (அரியர் தாளுக்கு அவ்வளவு படிக்கவில்லை.) பாட்டின் நீளத்தையே பாடுகிறவர்கள் முடிவு செய்ததில்லை என்று தெரிந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது, சபையில் ஒரு மணி நேரம் விரிகிற ராகத்தைச் சுமார் மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார். தட்டு அவ்வளவுதான் தாங்கும். தட்டுக்காகச் சுருங்கிய பாட்டு, பிறகு தட்டு பெரிதான பின்னும் பெரும்பாலும் சுருங்கியே இருந்தது. நம் சினிமாப் பாட்டு இன்றைக்கும் நாலு, ஐந்து நிமிடத்தில்தானே முடிகிறது?

ஆட்டத்திலும் அதே கதைதான். கடையில் காசு போட்டு ஆடுகிற காலத்தில் சீக்கிரம் முடிந்தால்தான் கடைக்காரருக்கு லாபம். 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் நான்கே நான்கு தாழ்ந்த ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அவர்களுடைய வேகமும் கூடும், அந்த ஸ்வரங்களின் வேகமும் கூடும். நெஞ்சு படபடக்கும்போது ஆள் தப்பு செய்வான், அடுத்த காசு விழும். ஜப்பானில் கொனாமி கம்பெனி 1997-ல் 'பீட்மேனியா'வையும் 1998-ல் கால்களால் மிதித்து ஆடுகிற 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷ'னையும் கொண்டுவந்தபோது காசுக்கு இத்தனை பாட்டு என்று கணக்கு நேராகவே ஆகிவிட்டது. டீக்கடையில் ஒரு டீக்கு ஒரு கிளாஸ் என்கிற மாதிரி. அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் ஆட்டம் வந்ததும் கணக்கு தலைகீழ். இவ்வளவு விலை கொடுத்தோமே, எத்தனை மணி நேரம் ஓடும்? 1996-ல் ஜப்பானில் வந்த 'பராப்பா தி ராப்பர்' நாய்க்குட்டி ஒன்றின் கதை. இசைக்கலைஞர் மசாயா மட்ஸுரா செய்தது. நாய்க்குட்டி வெங்காயத் தலை வாத்தியாரிடம் கராத்தே படிக்கும், கார் ஓட்டப் படிக்கும், சந்தையில் சாமான் விற்கும், கேக் செய்யும், கக்கூஸ் வரிசையில் முன்னால் போவதற்காகக்கூட ராப் பாடிப் போட்டி போடும். மொத்தம் ஆறே பாட்டு. தடுமாறாமல் ஆடினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காசு கொடுத்து வாங்கியவர்கள் 'இவ்வளவுதானா' என்று முனகினார்கள். ஹாஸ்டலில் ஒருவன் லேப்டாப்பில் யாரோ ஆடிய வீடியோவாக முழுதும் பார்த்தேன். எனக்கு அது சின்னதாகவே தெரியவில்லை. ஆறாவது பாட்டுக்குப் பிறகு ஏழாவதாக ஒன்று இருந்திருந்தால் அந்த நாய்க்குட்டி அங்கே என்னதான் செய்திருக்கும்?

மட்ஸுராவின் ஆட்களே 1999-ல் செய்த 'விப்-ரிப்பன்' இன்னும் வேடிக்கை. வெள்ளைக் கோட்டால் வரைந்த முயல் ஒன்று ஒரு கோட்டின் மேல் நடந்து போகும். ஆட்டம் முழுவதும் மெஷினின் நினைவகத்துக்குள் ஏறிவிடும். பிறகு அந்தத் தட்டை வெளியே எடுத்துவிட்டு உங்கள் வீட்டுப் பாட்டு சி.டி. எதையும் போடலாம். அந்தப் பாட்டிலிருந்தே மேடும் பள்ளமும் அந்தக் கோட்டில் முளைக்கும். முதல் பிளேஸ்டேஷனின் மெயின் மெமரி 2 எம்.பி. நாம் இன்றைக்குச் செல்லில் எடுக்கிற போட்டோ ஒன்றே பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கும். அந்த ஆட்டம் எவ்வளவு நீளம் என்று கேட்டால், உங்கள் வீட்டில் எத்தனை சி.டி. இருக்கிறதோ அவ்வளவு நீளம். எங்கள் வீட்டு அலமாரியில் முருகன் பாட்டு சி.டி. ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அந்த முயல் என்ன பாடுபடும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிர், கிட்டார். 2005-ல் அமெரிக்காவில் ஹார்மோனிக்ஸ் செய்த 'கிட்டார் ஹீரோ'வில் 47 பாட்டு. கையில் பிளாஸ்டிக் கிட்டார், தந்திக்குப் பதில் ஐந்து வண்ணப் பொத்தான். 2007-ல் அவர்களே 'ராக் பேண்ட்' கொண்டுவந்தார்கள். டிரம்ஸும் மைக்கும் சேர்ந்தன, கடையில் புதுப் பாட்டுகள் வாராவாரம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போயின. வருஷத்துக்கு இத்தனை தலைப்பு என்று ஆட்டங்கள் குவிந்தன. பிறகு ஜனங்களுக்கே திகட்டிவிட்டது. கிட்டார் ஹீரோவை நடத்திய ஆக்டிவிஷன் 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் இலையில் மறுபடி சாம்பார் ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

எதிர்க்கட்சி நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒருவன் ஒரே கதை ஆட்டத்தை நூறு மணி நேரம் ஆடியிருக்கிறான், முதல் வகுப்பும் வாங்குகிறான். "எண்ணிக் காசு செலவு பண்றவனுக்கு நீளமான ஆட்டம்தான்டா கட்டும்" என்பான். மறுக்க முடியவில்லை. டிக்கெட் காசுக்கு மூணு மணி நேரப் படம் வேண்டும் என்று கேட்கிற ஊர்தானே நம்முடையது. இன்னொன்று, இரண்டு நிமிட ஆட்டம் இரண்டு நிமிடத்தில் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. ஐந்தாவது கலவைப் பாட்டில் 'பிரமாதம்' வாங்க ஒரு ராத்திரி நாற்பது தடவைக்கு மேல் ஆடினேன். கணக்குப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆனால் வாங்கியதும் பெட்டியை மூடி ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். அந்தச் சண்டை ஆட்டத்தில் ஒரு நாளும் நானாகத் தூங்கப் போனதில்லை, சார்ஜ் தீர்ந்துதான் போயிருக்கிறேன்.

மாசி மாதம் ஊரில் மாரியம்மன் பண்டிகை. அறைத்தோழனிடம் கெஞ்சி அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பண்டிகைக்குப் பட்டறையெல்லாம் லீவு. தறிச் சத்தம் இல்லாத எங்கள் தெருவை நீங்கள் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் சத்தத்தில்தான் தூக்கம் வரும். ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் பச்சைக் குழந்தை முதல் எல்லோரும் விழித்துக்கொள்வோம். அப்பாவுக்கு அந்தச் சத்தம் எழுத்து மாதிரி. வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, "நாலாவது தறியில நாடா அடிக்கிற வார் தளந்திருக்குது, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும்.

திண்ணையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு அது?"

"கேம்ங்கப்பா. பாட்டுக் கேம்."

"எப்ப முடியும்?"

செல்லில் ஆடிய காலத்தில் இதே கேள்வியை அம்மா கேட்டிருக்கிறார். என்னிடம் பதில் இருந்ததில்லை. இந்தத் தடவை, "ரெண்டு நிமிசந்தாங்கப்பா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே ஒரு தெம்பு வந்தது.

"எங்க, குடு."

தொழிற்சாலை ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் குச்சியை அவர் பீடி மாதிரி பிடித்தார். காலம் முழுக்க நூல் முடிந்த விரல், முதல் தடவை எல்லாமே தாமதம். மறுபடி முயற்சி செய் என்று வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். இரண்டாவது தடவை அவர் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எதிரே வேப்பமரத்தைப் பார்த்தபடி, காதை மட்டும் பெட்டிப் பக்கம் வைத்துச் சுண்டினார். டக். டக். எனக்குப் பத்து நாள் பிடித்த விஷயம் அது. இந்த ஆட்டத்தில் கண் ஏமாற்றும், காதுதான் கை கொடுக்கும். 'பரவாயில்லை' என்று வந்தது. அதையும் படித்துச் சொன்னேன்.

"பரவால்லயா? சரி." பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மொதத் தடவ தப்பாப் போச்சு, மறுக்கா விட்டுச்சே. உங்க பரிச்சையிலயும் அப்பிடி விடுவாங்களா?"

தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. தெருவில் சத்தமே இல்லை. தறி ஓடிக்கொண்டிருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன்.

"விடுவாங்கப்பா. நான் ஒண்ணுல போயிட்டேன்."

"எத்தன பாடத்துல?"

"ஒண்ணுலதாங்கப்பா. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே அம்மாவின் தார் சுற்றுகிற ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவுக்குப் பண்டிகையும் கிடையாது, லீவும் கிடையாது.

"மறுக்கா எழுத எவ்வளவு கட்டோணும்?"

சொன்னேன். எழுந்து உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் செல்லிலிருந்து அந்தச் சண்டை ஆட்டத்தை எடுத்தேன். இரண்டு தடவை மறுபடி ஏற்றி, மூன்றாவது தடவைதான் ஒரேயடியாக எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் அந்தத் தாளை எழுதிப் பாஸ் செய்தேன். மார்க்கைக் கேட்காதீர்கள், காபிக் கடைக்காரர் உதவியில்லாமல் வாங்கியது.

அந்தத் தாளுக்குப் படிக்கும்போது 555 டைமர் பாடம் வந்தது. ஊரில் இருக்கும்போதே அப்பா ஓட்டுகிற தறியின் சத்தத்தைச் செல்லில் பதிவு செய்து எண்ணி வைத்திருந்தேன். நிமிடத்துக்கு 130 அடி, அதாவது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 461 மில்லிசெகண்டு. அதே வேகத்தில் ஒரு பஸ்ஸரை ஒலிக்கவைத்தால் என்ன என்று லேபில் ஒரு பிரெட்போர்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 12 கிலோ ஓம், 27 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 131 வருகிறது, நீங்களும் போட்டுப் பாருங்கள். டக், டக், டக் என்று ஓடியது. சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டுச் செல்லைப் பஸ்ஸர் பக்கத்தில் வைத்தேன்.

"என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"தறி" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆனா நம்முளுது இல்லையே. நம்முளுது இன்னும் சித்த வெரசா ஓடும்" என்றார்.

கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். 119 தான் இருந்தது. கெபாசிட்டர் பழசு, மேலே எழுதியிருக்கிற மதிப்பு ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டு வேறொன்று வாங்கி மாட்டினேன்.